கணையப் புற்றுநோய்: மரபணு எழுத்து மாறாமலே நோய் முற்றுவது எப்படி? எபிஜெனெடிக்ஸ் தரும் விளக்கம்

புது தில்லி: எந்த அறிகுறியும் இல்லாமல் நலமாக இருக்கும் ஒருவரின் கணையத்துக்குள், புற்றுநோயின் முன்னோடிகள் எனக் கருதப்படும் நுண்ணிய திசு மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2024-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் தெரிவித்தது. 38 பேரின் கணையத் திசுக்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, அவற்றின் படங்களைக் கணினியில் முப்பரிமாண வடிவில் மீண்டும் அடுக்கிப் பார்த்தபோது, ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக 13 மாற்றங்கள் தென்பட்டன. இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை, கணையப் புற்றுநோயை மூட்டுவதாக அறியப்பட்ட 'கேராஸ்' என்ற மரபணுவின் பிறழ்வைச் சுமப்பவை.

ஆனால், அமெரிக்காவில் வாழ்நாளில் கணையப் புற்றுநோய்க்கு ஆளாவோர் சுமார் 60 பேரில் ஒருவர் மட்டுமே. இந்தியாவில் இந்நோயின் பாதிப்பு மேலை நாடுகளைவிடக் குறைவு. மரபணுப் பிறழ்வே புற்றுநோய்க்குப் போதும் என்றால், இந்த இரு எண்ணிக்கைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நூற்றுக்கணக்கான பொறிகளில் ஏதோ ஒன்று மட்டும், அதுவும் சிலரிடம் மட்டும், ஏன் தீயாகிறது?

இந்தக் கேள்விக்கான விடையின் முக்கியப் பகுதி, மரபணுக்களுக்கு வெளியே, அவற்றை இயக்கியும் அடக்கியும் வைக்கும் வேதிக் குறிகளில் உள்ளது என்பதைக் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் படிப்படியாகக் காட்டி வருகின்றன. அக்குறிகளைப் பற்றிய துறையே 'எபிஜெனெடிக்ஸ்'. 'எபி' என்ற கிரேக்க முன்னொட்டுக்கு 'மேல்' என்று பொருள். தமிழில் இதை 'மேல்மரபியல்' என்றும் 'புறமரபியல்' என்றும் எழுதுகின்றனர். இச்சொல்லை 1942-இல் உருவாக்கியவர் பிரிட்டன் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன்.

தாமதமாகத் தெரியும் நோய்

கணையம் இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்பை ஒட்டி அமைந்த உறுப்பு. இன்சுலினைச் சுரப்பதும் உணவைச் செரிக்கும் நொதிகளை உருவாக்குவதும் அதன் இரு பணிகள். கணையப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை, நொதிகளைக் கொண்டு செல்லும் நாளங்களின் செல்களை ஒத்த தோற்றம் கொண்டவை.

உலக அளவில் 2022-இல் சுமார் 5.11 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 4.67 லட்சம் பேர் இதனால் உயிரிழந்தனர். புதிய நோயாளிகளின் எண்ணிக்கையும் இறப்பு எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கி நிற்பதே இந்நோயின் கடுமையைச் சொல்லப் போதுமானது. புற்றுநோய் இறப்புகளில் இது உலகில் ஆறாவது இடத்தில் உள்ளது. அமெரிக்காவில் நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் உயிர் வாழ்வோர் சுமார் 13 சதவீதத்தினர்.

உறுப்பு உடலின் ஆழத்தில் இருப்பதால் கட்டி கைக்குத் தட்டுப்படுவதில்லை. மஞ்சள் காமாலை, காரணமற்ற எடை இழப்பு, முதுகுக்குப் பரவும் வயிற்று வலி ஆகியவை தெரியும்போது பெரும்பாலும் நோய் அறுவைச் சிகிச்சைக்கான எல்லையைத் தாண்டியிருக்கும்.

சுவடியும் கயிறும்

ஒரு மனித செல்லில் உள்ள டிஎன்ஏ இழைகளை நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் நீளம் வரும். இவ்வளவு நீளமான இழை, கண்ணுக்குத் தெரியாத செல் கருவுக்குள் அடங்கியாக வேண்டும். இதற்காக அது 'ஹிஸ்டோன்' எனப்படும் புரத உருளைகளின் மீது நூல்கண்டு போலச் சுற்றப்பட்டுள்ளது. இறுக்கமாகச் சுற்றப்பட்ட பகுதியில் உள்ள மரபணுவை செல்லால் படிக்க முடியாது. தளர்ந்த பகுதியில் உள்ளதைப் படிக்க முடியும்.

ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். ஏடுகளில் எழுதியிருப்பது மரபணு. ஏடெழுதியவர் ஓர் எழுத்தைத் தவறாகக் கீறிவிட்டால் அது பிறழ்வு. எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தும், கயிறு இறுகக் கட்டப்பட்டு ஏட்டைப் பிரிக்க முடியாமல் போனால் அது மேல்மரபியல் மாற்றம். இரண்டிலும் விளைவு ஒன்றே: அந்தப் பாடல் ஓதப்படாது. ஆனால் கீறிய எழுத்தை அழிக்க முடியாது. கயிற்றை அவிழ்க்க முடியும். இந்தத் துறையின் மீது மருத்துவ உலகம் வைத்திருக்கும் நம்பிக்கை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் செல்லுக்குப் பல வழிகள் உண்டு. அவற்றுள் இரண்டை அறிந்தால் போதும். முதலாவது, டிஎன்ஏவின் மீதே 'மெத்தில்' என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டுவது. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவை திரளாக ஒட்டினால் அந்த மரபணு பொதுவாக ஊமையாகிவிடும். இரண்டாவது, ஹிஸ்டோன்களின் வால் பகுதியில் 'அசிட்டைல்', 'மெத்தில்' போன்ற குழுக்களைச் சேர்ப்பதும் நீக்குவதும்; அசிட்டைல் சேர்ந்தால் சுற்று தளரும், நீங்கினால் இறுகும். கல்லீரல் செல்லும் தோல் செல்லும் ஒரே டிஎன்ஏவைக் கொண்டிருந்தும் வேறு வேறாக இருப்பதற்கு இவையே காரணம்.

புற்றுத் திசுக்களில் இந்த மெத்தில் குறிகள் நிலைகுலைந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகியோர் 1983-இல் காட்டினர். கணையப் புற்றுநோயில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, செல் பிளவுக்குத் தடை போடும் 'பி16' என்ற மரபணு. ஏறத்தாழ எல்லாக் கணையப் புற்றுகளிலும் இந்தத் தடை செயலிழந்திருக்கிறது. பல கட்டிகளில் மரபணு முழுமையாக அறுந்து போயிருக்கும். பலவற்றில் எழுத்துப் பிழை இருக்கும். ஆனால் 1997-இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 15 சதவீதக் கட்டிகளில் மரபணு பழுதின்றி முழுமையாகவே இருந்தது. மெத்தில் குழுக்கள் அதன் வாயை அடைத்திருந்தன.

அழற்சி ஆறிய பின்னும் நீடிக்கும் நினைவு

கேராஸ் பிறழ்வு மட்டும் போதாது என்பதை உறுதியாகக் காட்டியது ஸ்பெயினின் தேசியப் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த மரியானோ பார்பசிட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. மனிதக் கட்டியிலிருந்து புற்றுநோய் மரபணுவை முதன்முதலில் பிரித்தெடுத்த விஞ்ஞானிகளுள் ஒருவர் பார்பசிட். அவருடைய குழு, வளர்ந்த எலிகளின் கணையத்தில் நொதி சுரக்கும் செல்களில் கேராஸ் பிறழ்வைத் தூண்டிவிட்டது. எலிகளுக்குப் புற்றுநோய் வரவில்லை. அதே எலிகளுக்கு மிதமான கணைய அழற்சியையும் சேர்த்து ஏற்படுத்தியபோது புற்றுநோய் வந்தது.

இத்தகைய சோதனைகளில் அழற்சியை உண்டாக்கப் பயன்படும் 'செருலீன்' என்ற பொருள், ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலில் முதலில் கண்டறியப்பட்டது. அது கணையத்தை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்து, உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் உறுப்பையே செரிக்கும் நிலைக்குத் தள்ளுகிறது.

அழற்சி என்ன செய்கிறது என்பதற்கு விடை 2021-இல் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஸ்காட் லோவ் தலைமையில் டிரேனா அலோன்சோ-குர்பெலோ உள்ளிட்டோர் மேற்கொண்ட ஆய்வு முதலாவது. காயம் மட்டும் பட்ட செல்கள், பிறழ்வு மட்டும் கொண்ட செல்கள், இரண்டும் சேர்ந்த செல்கள் ஆகியவற்றின் டிஎன்ஏ சுற்றுகளை அவர்கள் ஒப்பிட்டனர். காயமும் பிறழ்வும் சேர்ந்த செல்களில், மற்ற இரண்டிலும் காணப்படாத ஒரு புதிய முறையில் சுற்றுகள் திறந்தும் மூடியும் மாறியிருந்தன. முற்றிய மனிதக் கணையப் புற்றில் காணப்படும் மரபணு இயக்கத்தின் சாயல், கட்டி உருவாவதற்கு வெகு முன்பே, காயம் பட்ட சிறிது காலத்திலேயே அங்கு வந்துவிட்டிருந்தது. சேதமடைந்த திசு வெளியிடும் 'இன்டர்லியூகின் 33' என்ற எச்சரிக்கைப் புரதத்தைக் காயத்துக்குப் பதிலாகச் செலுத்தினாலும் இதே விளைவு ஏற்பட்டது.

ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் ஆண்ட்ரியா வியாலே, எடோவார்டோ டெல் பொஜெட்டோ ஆகியோரின் குழு அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. அவர்கள் எலிகளுக்கு ஒருமுறை மட்டும் அழற்சியை உண்டாக்கி, அது முழுமையாக ஆறும்வரை காத்திருந்தனர். உறுப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டிருந்தது. அதன் பிறகு நீண்ட காலம் கழித்து கேராஸ் பிறழ்வைத் தூண்டினர். முன்பு அழற்சி கண்ட எலிகளின் கணைய செல்கள், அழற்சி காணாத எலிகளின் செல்களைவிட எளிதில் புற்றுப் பாதைக்குத் திரும்பின. வெளியே தழும்பு இல்லை. ஆனால் செல்களின் மேல்மரபியல் குறிகளில் பழைய நிகழ்வு பதிந்திருந்தது. இதை ஆய்வாளர்கள் அழற்சியின் 'நினைவு' என்று அழைக்கின்றனர்.

செல் ஏன் இப்படியொரு ஆபத்தான நினைவைச் சுமக்க வேண்டும்? அந்த நினைவு முதலில் ஒரு தற்காப்பு என்பதே வியாலே குழுவின் விளக்கம். அழற்சியின்போது நொதி சுரக்கும் செல்கள் தற்காலிகமாகத் தம் தொழிலைக் கைவிட்டு, நாள செல்களைப் போல உருமாறுகின்றன. தெருவில் தீப்பற்றினால் எண்ணெய்க் கடைக்காரர் முதலில் கடையைச் சாத்துவதைப் போன்றது இது. நொதி உற்பத்தி நின்றால் உறுப்பு தன்னைத் தானே செரிப்பதும் நிற்கும். தீ அணைந்ததும் கடை திறக்கும். ஒருமுறை இதைச் செய்த செல், மறுமுறை அழற்சி வரும்போது இன்னும் விரைவாகக் கடையைச் சாத்தப் பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கமே நினைவாகப் பதிகிறது. அதனால் இரண்டாவது அழற்சியில் சேதம் குறைகிறது.

சிக்கல் இங்குதான். கேராஸ் பிறழ்வு கொண்ட செல் உருமாறிய நிலையிலேயே நிலைத்துவிடுகிறது. கடை மீண்டும் திறப்பதில்லை. அடிக்கடி அழற்சிக்கு ஆளாகும் கணையத்தில் அது அந்தத் திசுவுக்கு நன்மையாகவும் இருக்கலாம். ஆகவே பிறழ்வு கொண்ட செல்கள் அங்கு மற்றவற்றைவிடத் தழைக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உறுப்பைக் காக்கும் ஏற்பாடே புற்றுநோய்க்குக் களம் அமைத்துக் கொடுக்கிறது என்ற இந்த விளக்கம், நல்லவை கெட்டவை என்று மரபணுக்களைப் பிரித்துப் பேசும் வழக்கத்தைச் சற்று அசைத்துப் பார்க்கிறது.

தென்னிந்தியா நன்கறிந்த நோய்

மேற்கண்டவை எலிகளில் கிடைத்த முடிவுகள். மனிதர்களில் இதே வழிமுறை இவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. ஆயினும் நெடுநாள் கணைய அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இந்திய மருத்துவர்கள், குறிப்பாகத் தென்னிந்திய மருத்துவர்கள், மிக நெருக்கமாகக் கண்டவர்கள்.

மதுப்பழக்கம் இல்லாத இளையோருக்கும் சிறுவர்களுக்கும் கடும் வயிற்று வலி, கணைய நாளங்களில் கற்கள், பின்னர் இளவயதிலேயே நீரிழிவு என்று தொடரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி கேரளத்தில் பரவலாகக் காணப்பட்டது. அதை விரிவாகப் பதிவு செய்தவர் மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ். சென்னையில் இந்நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து சுரேஷ் சாரி, வி. மோகன் உள்ளிட்ட மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகம் என்று மதிப்பிடப்பட்டது. கண்காணிக்கப்பட்டவர்கள் 185 பேர் மட்டுமே என்பதால் அந்த மடங்கின் துல்லியத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது சுட்டிய திசையில் ஐயமில்லை.

இந்நோய்க்கு மரபணுக் காரணம் உண்டா என்று ஹைதராபாதின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஜி.ஆர். சாந்தக், இரைப்பைக் குடல் நிபுணர் டி. நாகேஸ்வர ரெட்டி ஆகியோர் அடங்கிய குழு ஆராய்ந்தது. செரிமான நொதியான டிரிப்சினுக்குப் பூட்டுப் போடும் 'ஸ்பிங்க்1' என்ற மரபணுவின் பிறழ்வு இந்நோயாளிகளிடம் கணிசமாகக் காணப்படுவதை அக்குழு 2002-இல் அறிவித்தது. ஆனால் அதே பிறழ்வைச் சுமந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் நலமாக இருப்பவர்களும் உண்டு. கேராஸ் விஷயத்தில் எழுந்த அதே கேள்வி இங்கும் எழுகிறது: எழுத்துப் பிழை இருக்கிறது, நோய் இல்லை.

புகையிலையும் இந்த வரிசையில் சேர்கிறது. புகைபிடிப்போருக்குக் கணையப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. புகைப் பழக்கம் ரத்த செல்களின் டிஎன்ஏவில் மெத்தில் குறிகளை மாற்றுவதும், பழக்கத்தை விட்டபின் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்புவதும் பல நாடுகளின் ஆய்வுகளில் உறுதியாகியுள்ளன. பழக்கத்தை விட்டவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வாய்ப்பும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது.

புதிய பிறழ்வு இன்றிப் பரவும் புற்று

கணையப் புற்றுநோயாளிகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் நோய் பரவுவதே. பரவுவதற்கென்று தனி மரபணுப் பிறழ்வு இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதைத் தேட, இறந்த சில மணி நேரத்துக்குள் தங்கள் உடலை ஆய்வுக்கு அளிக்க நோயாளிகள் உயிருடன் இருக்கும்போதே ஒப்புதல் தரும் திட்டம் ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடத்தப்பட்டது. அந்தத் திசுக்களை ஆராய்ந்த கிறிஸ்டின் யாகோபுஸியோ-டோனாஹியூ குழு, முதல் பிறழ்வு தோன்றியதிலிருந்து புற்று செல் பிறக்கக் குறைந்தது பத்து ஆண்டுகளும், அது பரவும் திறன் பெற மேலும் ஐந்து ஆண்டுகளும் ஆகின்றன என்று 2010-இல் கணித்தது. நோய் மின்னல் வேகத்தில் வருவதில்லை. நாம் அறிவதுதான் தாமதம்.

ஆனால் தேடிய பிறழ்வு கிடைக்கவில்லை. ஒரே நோயாளியின் மூலக் கட்டியிலும் பரவிய கட்டிகளிலும் முக்கிய மரபணுப் பிறழ்வுகள் ஒன்றாகவே இருந்தன. 2017-இல் இதே குழுவும் ஃபைன்பெர்க்கும் இணைந்து வேறிடத்தில் விடை கண்டனர்: தொலைதூர உறுப்புகளுக்குப் பரவிய கட்டிகளில் டிஎன்ஏ சுற்றுகளின் அமைப்பு பரந்த அளவில் மாற்றி எழுதப்பட்டிருந்தது. மேலும், அந்த மாற்றம் அந்த செல்கள் குளுக்கோஸைப் பயன்படுத்தும் ஒரு குறிப்பிட்ட வேதிப் பாதையைச் சார்ந்திருந்தது. ஆய்வகத்தில் அப்பாதையை அடைத்தபோது மாற்றப்பட்ட குறிகள் பழைய நிலைக்குத் திரும்பின. செல் உண்ணும் சர்க்கரைக்கும் அதன் மரபணுச் சுற்றுக்கும் இவ்வளவு நேரடித் தொடர்பு இருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதே ஆண்டு கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் கிறிஸ்டோபர் வாகோக், டேவிட் டுவேசன் ஆகியோர் குழு எலிகளின் கட்டிகளிலிருந்து வளர்த்த நுண் உறுப்பு மாதிரிகளைக் கொண்டு மற்றொன்றைக் காட்டியது. பரவும் செல்கள் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கருவில் முன்குடல் உருவாகும் காலத்தில் பயன்பட்டு, பிறகு கட்டி வைக்கப்பட்ட ஏடுகளையே மீண்டும் அவிழ்த்துப் படித்தன.

மருந்துகள் ஏன் இன்னும் கைகொடுக்கவில்லை?

கயிற்றை அவிழ்க்கும் மருந்துகள் ஏற்கெனவே உள்ளன. மெத்தில் குறிகளைக் குறைக்கும் அசாசிட்டிடின், டெசிட்டபின் ஆகியவை முறையே 2004, 2006 ஆண்டுகளில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றன. ஹிஸ்டோன்களின் அசிட்டைல் குறிகள் நீங்காமல் தடுக்கும் வோரினோஸ்டாட் 2006-இல் ஒப்புதல் பெற்றது. ஆனால் இவை பயன்படுவது எலும்பு மஜ்ஜைக் கோளாறு, ஒருவகை நிணநீர்ப் புற்று போன்றவற்றுக்கே. கணையப் புற்றுநோய்க்கு இவ்வகை மருந்து எதுவும் நிலையான சிகிச்சையாகவில்லை.

இதற்கு எளிய காரணம், கணையக் கட்டியைச் சுற்றி நார்த்திசு கெட்டியாக மண்டியிருப்பது. மருந்து உள்ளே செல்வதே கடினம். ஆழமான காரணம் வேறு. இம்மருந்துகள் குறிப்பிட்ட ஒரு கட்டை மட்டும் அவிழ்ப்பதில்லை. நூலகத்தில் உள்ள எல்லாச் சுவடிகளின் கயிறுகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிடுகின்றன. கட்டி வைக்க வேண்டியவையும் அவிழ்கின்றன. தவிர, ஒரே குறி வேறு வேறு கட்டங்களில் வேறு வேறு வேலை செய்கிறது. 'ஈஇசட்எச்2' என்ற நொதி பல புற்றுநோய்களில் தீய பங்கு வகிப்பதாக அறியப்பட்டது. அதைத் தடுக்கும் டேஸ்மெட்டோஸ்டாட் 2020-இல் ஒரு அரிய வகை மென்திசுப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. ஆனால் 2012-இல் வெளியான எலி ஆய்வில், கேராஸ் பிறழ்வு கொண்ட கணையத்தில் அந்த நொதியை நீக்கியபோது காயம் ஆறுவது தடைபட்டு, புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் விரைந்தன. எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மருந்தே கேடாகலாம்.

மேல்மரபியல் குறிகளை உணவாலேயே சரிசெய்யலாம் என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் பற்றி இங்குக் குறிப்பிட வேண்டியுள்ளது. மஞ்சளில் உள்ள குர்குமின், ஹிஸ்டோன்களில் அசிட்டைல் சேர்க்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்று பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டு குழுவினர் 2004-இல் கண்டறிந்தது உண்மையான அறிவியல். ஆனால் முற்றிய கணையப் புற்றுநோயாளிகள் 25 பேருக்கு நாள்தோறும் 8 கிராம் குர்குமின் கொடுத்து எம்.டி. ஆண்டர்சன் மையம் 2008-இல் முடிவுகளை வெளியிட்டபோது, ஓரிருவரிடம் மட்டுமே பயன் தென்பட்டது. வாய்வழி உட்கொண்ட குர்குமினில் மிகச் சிறிதளவே ரத்தத்தை அடைந்தது. சோதனைக் குழாயில் நிகழ்வதும் உடலில் நிகழ்வதும் ஒன்றல்ல. சிகிச்சையை நிறுத்திவிட்டு இத்தகைய பொடிகளை நம்புவோரிடம் விற்பனையாளர்கள் முதல் பாதியை மட்டுமே சொல்கின்றனர்.

ரத்தத்தில் தேடப்படும் தடயம்

சிகிச்சையைவிட நோயறிதலில் மேல்மரபியல் விரைவில் பயன் தரும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் உள்ளது. உடலில் இறக்கும் செல்கள் தங்கள் டிஎன்ஏ துண்டுகளை ரத்தத்தில் விடுகின்றன. கட்டியின் செல்களும் அப்படியே. அத்துண்டுகளில் கேராஸ் பிறழ்வைக் கண்டால், எங்கோ ஒரு கட்டி இருக்கலாம் என்று மட்டும் தெரியும். பெருங்குடல், நுரையீரல் புற்றுகளிலும் அதே பிறழ்வு உண்டு. மெத்தில் குறிகளோ உறுப்புக்கு உறுப்பு மாறுபடுபவை. ஆகவே ஒரு துண்டு கணையத்திலிருந்து வந்ததா, கல்லீரலிலிருந்து வந்ததா என்பதையும் அவை காட்டிக்கொடுக்கக் கூடும். இந்த முறை வெறும் கோட்பாடு அல்ல: மெத்தில் குறிகளையும் சேர்த்து அளந்து பெருங்குடல் புற்றைக் கண்டறியும் மலப் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்கா 2014-இலேயே ஒப்புதல் அளித்தது.

கணையத்தில் தடையாக இருப்பது எண்ணிக்கை. தொடக்க நிலைக் கட்டி விடும் டிஎன்ஏ மிகக் குறைவு. நோயும் ஒப்பீட்டளவில் அரிது. எடுத்துக்காட்டாக, ஒரு லட்சம் பேரில் 20 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயில்லாதவர்களில் 99 சதவீதத்தினரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் நல்ல பரிசோதனை கூட, ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் தவறாக 'இருக்கலாம்' என்று சொல்லிவிடும். அந்த ஆயிரம் பேரும் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, சில நேரம் அறுவைச் சிகிச்சை வரை செல்ல நேரும். அறிகுறியற்ற பொதுமக்களுக்குக் கணையப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2019-இல் மீண்டும் அறிவுறுத்தியது இதனால்தான். குடும்பத்தில் பலருக்கு இந்நோய் இருந்தவர்களும், மரபுவழிப் பிறழ்வு உள்ளவர்களும் இதற்கு விதிவிலக்கு; அவர்களுக்கு எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் மூலம் கண்காணிப்பு செய்யப்படுகிறது.

எனவே தேடலின் வட்டத்தைச் சுருக்குவதே இப்போதைய முயற்சி. சென்னை ஆய்வில் பங்கேற்ற சுரேஷ் சாரி பின்னர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதே பணியைத் தொடர்ந்தார். 50 வயதுக்குப் பின் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 2,122 பேரின் பதிவுகளை ஆராய்ந்த அவரது குழு, அவர்களில் 18 பேருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டதை 2005-இல் வெளியிட்டது. எதிர்பார்க்கப்படும் அளவைவிட இது ஏறத்தாழ எட்டு மடங்கு. அவர்களிடம் நீரிழிவு, புற்றின் காரணமாக அல்லாமல் அதன் முதல் வெளிப்பாடாகவே தோன்றியிருக்கக் கூடும்.

நீரிழிவு பரவலாக உள்ள இந்தியாவில் புதிய நீரிழிவாளர் ஒவ்வொருவரையும் ஸ்கேனுக்கு அனுப்ப இயலாது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கணையத்தில் எந்தச் சிக்கலும் இராது. வயது, எடை மாற்றம், ரத்தச் சர்க்கரை ஏறிய வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு அவர்களைத் தரம் பிரிக்கும் மதிப்பெண் முறையை சாரியின் குழு 2018-இல் வெளியிட்டது. புதிதாக நீரிழிவு வருபவர்களில் பலர் எடை கூடியவர்களாக இருப்பர். சர்க்கரை வேகமாக ஏறும்போதே எடையும் குறைந்துகொண்டு வந்தால் அவர் அதிக மதிப்பெண் பெறுவார். அவ்வாறு வடிகட்டப்படும் சிறு பகுதியினரிடமே மெத்தில் குறிகளைத் தேடும் ரத்தப் பரிசோதனைகள் பயன் தர வாய்ப்புள்ளது.